மாதத்துக்கு ஒரு பூ

பிப்ரவரி பாதியில் ஆபீஸ் ஸ்லாக் சேனலில் முதல் போட்டோ வந்து விழும். டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்த யாரோ கார் கண்ணாடி வழியாக எடுத்தது. ஒரு இலைகூட இல்லாத மரம், கிளை நுனிவரைக்கும் ரோஸ் நிறப் பூ. டபேபுயா. மார்ச்சில் ஊதா நிற ஜக்கரண்டா. ஏப்ரலில் குல்மோகர் சிவப்பாகப் பற்றிக்கொள்ளும், பக்கத்துத் தெருவில் பெருங்கொன்றை மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும். மழையெல்லாம் ஓய்கிற சமயத்தில் ராத்திரி வேலை முடிந்து நடந்து வந்தால் தலைக்கு மேலே மரமல்லி மணக்கும். பெங்களூரில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், இந்த வரிசை ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு இதைப் பார்த்தால் ஒன்றுதான் தோன்றும்: இது ஒரு க்ரான் ஜாப். யாரோ உட்கார்ந்து அட்டவணை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் போன பிறகும் அது நாள் தவறாமல் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த அட்டவணையை முதலில் யோசித்தவர் என்று சொல்லப்படுபவர் குஸ்டாவ் ஹெர்மன் கிரும்பீகல். ஜெர்மானியர். லால்பாக் ஓரமாக அவர் பெயரில் ஒரு ரோடு உண்டு. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் "எங்க சார்?" என்று திருப்பிக் கேட்பார். லால்பாக்குக்குள் அவர் பெயரில் ஒரு பழைய மண்டபமும் இருந்தது. 2017இல் மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தபோதுதான் எனக்கு அந்தப் பெயரே தெரியவந்தது. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன், வார இறுதிகளில் நடந்தேன். ஒரு கவிஞரின் மொத்தத் தொகுப்பைப் படிப்பதுபோல இந்த ஆளின் வேலையை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க முடியுமா என்று ஒரு ஆசை. சினிமாவுக்கும் நாவலுக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், கோயில் சிற்பத்துக்கும் எழுதுகிறோம். ஒரு தோட்டத்தை ஒருவருடைய படைப்பாக எடுத்துக்கொண்டு நல்லது கெட்டது பேசுகிற எழுத்தைத் தமிழில் நான் அதிகம் படித்ததில்லை. 'நல்லா மெயின்டெய்ன் பண்றாங்க' என்பதோடு நம்முடைய தோட்ட விமர்சனம் முடிந்துவிடுகிறது.

வாழ்க்கைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1865இல் டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் லோமன் என்ற ஊரில் பிறந்தவர். ஜெர்மனியில் தோட்டக்கலை கற்று, 1888இல் இங்கிலாந்துக்குப் போகிறார். லண்டன் ஹைட் பார்க்கில் பூப்பாத்திகள் வடிவமைக்கிற வேலை. பிறகு கியூ தாவரவியல் தோட்டம். அங்கிருந்து 1893இல் பரோடாவுக்கு, மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட்டிடம். அம்பேத்கருக்கு வெளிநாட்டில் படிக்கப் பணம் கொடுத்தாரே, அதே மன்னர்தான். 1908இல் மைசூர் சமஸ்தானத்துக்கு மாறுகிறார், லால்பாக் அவர் பொறுப்புக்கு வருகிறது. 1912இல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம். இன்றும் குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் லால்பாக்கில் நடக்கிற மலர்க் கண்காட்சியில் அந்தச் சங்கத்துக்குப் பங்கு உண்டு. போர்க்காலத்தில் எதிரி நாட்டுக்காரர் என்று காவலில் வைத்தார்கள். 1932இல் ஓய்வு. ஊருக்குத் திரும்பவில்லை. 1956இல், தொண்ணூறு வயதில், பெங்களூரிலேயே இறந்தார். ஓசூர் ரோட்டுக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் புதைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி திண்டுக்கல் பஸ் பிடித்து ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டித்தான் போகிறோம்.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது பரோடாவும் இல்லை, மைசூரும் இல்லை. அந்த ஹைட் பார்க் பூப்பாத்திகள்.

விக்டோரியா காலத்து லண்டன் பூங்காவில் பாத்தி என்றால் நம்மூர்ப் பாத்தி இல்லை. கண்ணாடி வீட்டில் ஆயிரக்கணக்கில் நாற்று வளர்ப்பார்கள். குளிர் விட்டதும் அதைக் கொண்டுவந்து புல்வெளி நடுவே கோலம் மாதிரி, கம்பளம் மாதிரி நெருக்கி நடுவார்கள். அது பூத்துத் தீர்ந்ததும் மொத்தமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த செட். கோடைக்கு ஒன்று, இலையுதிர் காலத்துக்கு ஒன்று. பார்க்கிறவர்களுக்கு மண் எப்போதும் வண்ணமாகவே தெரியவேண்டும். அதற்குப் பின்னால் ஒரு படையே வேலை செய்யவேண்டும். செடிக்கு அங்கே வாழ்க்கை கிடையாது, பூக்கிற சில வாரங்கள் மட்டும்தான் அது மேடையில் நிற்கும். கிரும்பீகல் தன் இருபதுகளில் கற்றுக்கொண்ட இலக்கணம் இதுதான்: பூ என்பது நிறம், நிறத்துக்கு ஒரு காலம், காலம் முடிந்தால் அடுத்த நிறம்.

பிறகு அவர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே, பனி உறையாத, இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கிற ஓர் ஊருக்கு வந்து சேர்கிறார். ஐரோப்பியத் தோட்டக்காரனுக்கு வருஷத்தில் பாதி செத்த பருவம். இங்கே பன்னிரண்டு மாதமும் உயிரோடு இருக்கிறது. இதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது என்று நினைக்கிறேன். பாத்தியைத் தரையிலிருந்து எடுத்து மரத்தின் தலையில் வைத்துவிட்டார். ஒரு தெரு முழுக்க ஒரே மரம், அடுத்த தெருவில் வேறொரு மரம். இதன் பூ உதிரும்போது அது பூக்கும். பிடுங்கவும் வேண்டாம், மாற்றி நடவும் வேண்டாம். இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கிற மரங்களாகப் பொறுக்கி எடுத்தால் பச்சை குறுக்கே வராது, தூரத்திலிருந்து பார்க்கும்போது மொத்தத் தலையும் ஒரே நிறமாகத் தெரியும். ஹைட் பார்க்கில் நூறு பேர் செய்த வேலையை இங்கே பருவமே செய்துவிடும். தொடர்பூப்பு என்று இதைச் சொல்லலாம். நகரத்தையே ஒற்றைப் பூப்பாத்தியாக யோசிக்கிற துணிச்சல் அது. அதுவும் நட்டவர் தன் கண்ணால் முழுசாகப் பார்க்க இருபது வருஷம் காத்திருக்கவேண்டிய வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ் போட்டுப் பழகிய எனக்கு இதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டக்கூடாது. இன்று நாம் போட்டோ எடுக்கிற மரங்கள் பெரும்பாலும் கிரும்பீகல் நட்டவை அல்ல. 1980களில் எஸ். ஜி. நெகின்ஹால் என்ற வனத்துறை அதிகாரி நகரம் முழுக்க 15 லட்சம் மரங்கள் நட்டார் என்று கணக்குச் சொல்கிறார்கள். நாம் பார்க்கும் வரிசையில் அவர் பங்கு பெரியது. லால்பாக்கையும் கிரும்பீகல் உண்டாக்கவில்லை. 1760இல் அதைத் தொடங்கியவர் ஹைதர் அலி. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. தோட்டம் போடுவதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1755இல், அவர் திண்டுக்கல்லில் பௌஜ்தார். அங்கே கிடைத்த அதிகாரமும் வருமானமும்தான் அவரைத் தூக்கிவிட்டன. மலைக்கோட்டைக்கும் லால்பாக் பாறைக்கும் நடுவே ஒரு கோடு போடலாம். கண்ணாடி மாளிகை கிரும்பீகலுக்கு முன்னால் அங்கே இருந்த ஜான் கேமரன் காலத்து வேலை. ஆக, தோட்டத்தில் கிட் ப்ளேம் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு பெயர்தான் வரும். ஆனால் அந்தக் கோட்பேஸ் எந்தப் பக்கம் வளரவேண்டும் என்று முடிவு செய்த ஒரு கமிட் இருக்கும் இல்லையா, அது கிரும்பீகலுடையது. நெகின்ஹால் அதை நூறு மடங்காக்கினார்.

இதுவரை பாராட்டு. இனிமேல்தான் எனக்கு உறுத்துகிற இடம்.

தமிழ்க் கவிதை படித்த யாருக்கும் பூ என்றால் முதலில் நிலம்தான் நினைவுக்கு வரும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. நிலத்தின் பெயரே பூவின் பெயர், இல்லையென்றால் மரத்தின் பெயர். தொல்காப்பியக் கணக்கில் நிலமும் பொழுதும் சேர்ந்து முதற்பொருள், பூ அதிலிருந்து முளைக்கிற கருப்பொருள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாக அடுக்குகிறார். பள்ளிக்கூடத்தில் அது மனப்பாடத் தொல்லையாகத் தெரிந்தது. இப்போது பார்த்தால் அது ஒரு மலைச்சரிவின் முகவரி. ஒரு பூவைச் சொன்னால் போதும், எந்த நிலம், என்ன பொழுது, அங்கே நிற்கிறவள் மனதில் என்ன ஓடுகிறது என்பதுவரை தெரிந்துவிடும்.

கிரும்பீகலின் இலக்கணம் இதில் பாதியை வெட்டிவிடுகிறது. அவரிடம் பூவுக்குப் பொழுது உண்டு, நிலம் கிடையாது. குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. ஜக்கரண்டாவும் டபேபுயாவும் தூங்குமூஞ்சியும் அமெரிக்கக் கண்டத்துக்காரர்கள். மரமல்லி பர்மா பக்கம். இவையெல்லாம் பெங்களூரில் ஒரே தெருமுனையில் சந்தித்துக்கொள்வதற்கு ஒரே ஒரு காரணம்தான், பூக்கிற மாதம். ஒரு பூவைப் பார்த்து 'இது மார்ச்' என்று சொல்லலாம், 'இது இந்த ஊர்' என்று சொல்ல முடியாது. ஐடி வேலைக்காக நாலாபக்கமும் இருந்து வந்து ஒரே அபார்ட்மென்ட்டில் அடைந்து கிடக்கிற எங்களுக்கு இந்த மரங்கள் ரொம்பப் பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. எங்களுக்கும் அங்கே காலண்டர் மட்டும்தான் இருக்கிறது.

அம்மா முதல்முறை பெங்களூர் வந்தது ஒரு மார்ச் மாதம். ஜெயநகரில் பூத்து நின்ற டபேபுயா ஒன்றின் கீழே கூட்டிப்போய் நிறுத்தினேன். அண்ணாந்து பார்த்தார், நன்றாகத்தான் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏண்டா தம்பி, இதுல காய் ஏதாச்சும் வருமா?"

"தின்னுற மாதிரி ஒண்ணும் வராதும்மா."

"தழை? ஆடு கடிக்குமா?"

"தெரியலம்மா."

"பின்ன எதுக்கு இம்புட்டுப் பூக்குது," என்றார். குறை சொல்லும் தொனியே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வேடசந்தூர்க்காரருக்கு அது நியாயமான கேள்வி. சிவப்பு மண், முள், கிணற்று ஆழத்தைப் பொறுத்து வெள்ளாமை. எங்கள் ஊரில் மரம் என்றால் முருங்கை, புளி, வேம்பு, புங்கம். காய், தழை, நிழல், விறகு. பூ நடுவில் வந்து போகிற ஒரு கட்டம்தான். முருங்கைப் பூவைப் பார்க்கிற சம்சாரி காயைத்தான் எண்ணுவார்.

ஆனால் அம்மாவின் கேள்வியை வைத்துக்கொண்டு 'அயல் மரம் வேண்டாம், நம் மண்ணின் மரம் போதும்' என்று தீர்ப்பு எழுதிவிடவும் என்னால் முடியவில்லை. சமூக வலைதளத்தில் அப்படி எழுதினால் நாலு லைக் கூட விழும். ஆனால் எங்கள் ஊரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் போட்ட பயிர் புகையிலை. அது அமெரிக்காவிலிருந்து வந்த செடி. தக்காளியும் மிளகாயும் மக்காச்சோளமும் அங்கிருந்து வந்தவைதான். சௌசௌவை எங்கள் வீட்டில் இன்னும் பெங்களூர் கத்திரிக்காய் என்றுதான் சொல்வோம், அதன் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். நாங்கள் முல்லை என்றும் பாலை என்றும் நினைத்துக்கொண்டிருக்கிற நிலத்தில் பாதி, கப்பலில் வந்து இறங்கிய செடிகளால் ஆனது. கிரும்பீகலின் வேலையிலும் இந்தப் பக்கம் உண்டு. சமஸ்தானத்தில் அவர் பார்த்தது பூ வேலை மட்டும் இல்லை. வெளிநாட்டுத் தோட்டங்களோடு விதை பரிமாறி, தீவனப் புல்லும் சோயாவும் சூரியகாந்தியும் கொண்டுவந்து சோதித்த பொருளாதாரத் தாவரவியல்காரரும் அவர்தான். வெளியிலிருந்து வந்த செடி என்பது ஒரு குற்றம் இல்லை. வந்த செடி இந்த நிலத்தோடு ஏதாவது ஒரு உறவு வைத்துக்கொண்டதா என்பதுதான் கேட்கவேண்டியது. புகையிலை வைத்துக்கொண்டது, கெட்ட உறவுதான், ஆனாலும் உறவு. பாட்டிமார் சுருக்குப்பையில் அதற்கு ஓர் இடம் இருந்தது. டபேபுயாவுக்கு ஸ்லாக் சேனல் இருக்கிறது.

அழகுக்காகப் பொறுக்கிய மரங்களுக்கு உடம்பிலும் ஒரு பலவீனம் உண்டு. குல்மோகரும் பெருங்கொன்றையும் ஆப்பிரிக்கன் துலிப்பும் சீக்கிரம் வளர்கிற, சீக்கிரம் முறிகிற மரங்கள். பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை காற்றோடு அடிக்கும்போது எந்தத் தெருவில் கிளை விழுந்தது, எந்தக் காரின் தலை நசுங்கியது என்று ராத்திரி முழுக்கச் செய்தி ஓடும். பூக்கிற மாதமும் முறிகிற மாதமும் ஒன்றாக அமைந்துவிட்டது. அட்டவணை எழுதும்போது யோசிக்காமல் விட்ட எட்ஜ் கேஸ்.

கிரும்பீகலின் இன்னொரு பெரிய வேலை பிருந்தாவனம். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே தோட்டம் என்றால் அதுதான். பள்ளிக்கூட டூர், கலர் விளக்கு, சினிமாப் பாட்டு. கதாநாயகன் படி இறங்க, நாயகி நீரூற்றுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார். கிருஷ்ணராஜசாகர் அணைக்குக் கீழே 1927இல் வேலை தொடங்கி 1932இல் முடிந்தது. திவான் மிர்சா இஸ்மாயிலின் கனவு. காஷ்மீரத்து ஷாலிமார் தோட்டம் மாதிரி, படிப்படியாக இறங்குகிற மேடைகள், நடுவே ஓடுகிற தண்ணீர், இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே மாதிரி.

எனக்கு இந்தத் தோட்டம் ஒரு பின்னடைவாகத்தான் தெரிகிறது. பெங்களூர்த் தெருக்களில் பாத்தியை மரத்துக்கு ஏற்றி, கூலியையும் தண்ணீரையும் மிச்சப்படுத்திய அதே ஆள் இங்கே திரும்பவும் தரைக்கு வந்துவிட்டார். வெட்டி வெட்டிச் சதுரமாக்கிய வேலி, ஓயாமல் மாற்றவேண்டிய பூச்செடி, இரவில் விளக்கு. பகல் இரண்டு மணிக்கு வெயிலில் நடந்து பாருங்கள், நிழல் தேடி அலைவீர்கள். தெருமரங்கள் பார்ப்பவரை நிமிர்ந்து பார்க்க வைக்கின்றன, நடக்கவும் விடுகின்றன. பிருந்தாவனம் உங்களை ஓர் இடத்தில் நிறுத்தி 'பார்' என்கிறது. முதலாளியின் விருப்பத்துக்குச் செய்த வேலை என்று சொல்லிவிடலாம். நாமும் அப்படி எத்தனை செய்கிறோம். ஆனாலும் ஒரு படைப்பாளியின் தொகுப்பில் அதிகம் விற்ற புத்தகம் எது, நல்ல புத்தகம் எது என்று பிரித்துச் சொல்வதுதானே விமர்சனத்தின் வேலை?

அப்புறம், அது நிற்கிற இடம். 1924 ஒப்பந்தம், அணை, காவிரி. எங்கள் ஊர் வழியாக ஓடுகிற குடகனாறு அமராவதியில் சேர்ந்து, அமராவதி கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது. ஓடுகிற என்பது மரியாதைக்குச் சொல்வது. வருஷத்தில் பல மாதம் அது மணலும் முள்ளும்தான். 1977இல் மட்டும் ஒருமுறை புயல் மழையில் குடகனாறு அணையையே உடைத்துக்கொண்டு ஓடியதை அப்பா இன்னும் சொல்வார். அப்படிப்பட்ட ஊர்க்காரன் ஒரு பேரணையின் காலடியில் தண்ணீரை விளையாட்டுப் பொருளாக, வண்ண வெளிச்சத்தில் துள்ளவிடுவதைப் பார்க்கும்போது, எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே ஒன்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. நீரூற்றில் ஏறுகிற தண்ணீர் கீழேதான் விழுகிறது, எங்கும் காணாமல் போவதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அந்தப் படியில் உட்கார்ந்து பார்ப்பதும் டிரெஸ்டன்காரர் ஒருவர் பார்ப்பதும் ஒரே தோட்டம் அல்ல.

2016 செப்டம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டி பெங்களூரில் பஸ்கள் எரிந்தன. அன்று நான் மடிவாளாவில் ரூமில் இருந்தேன். "மாப்ள, வெளிய வராத. வந்தாலும் போன்ல தமிழ்ல பேசாத," என்று நண்பன் மெசேஜ் போட்டான். டிஎன் 57 நம்பர் பைக்கை ரோட்டோரம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் விட்டிருந்தேன். அதை உள்ளே தள்ளிக்கொண்டு வர வெளியே போனபோது தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. சாயங்காலம், மரம் இலையை மடக்கத் தொடங்கியிருந்தது. தென்னமெரிக்க மரம், ஜெர்மானியரின் யோசனை, யாரும் அதன் நம்பர் பிளேட்டைப் பார்க்கவில்லை. நிலமில்லாத பூ என்று மேலே நான் குறையாகச் சொன்னேன். அன்றைக்கு நிலமில்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அந்த மரத்தைப் பார்த்து நினைத்தேன். திணை என்பது அழகான இலக்கணம். ஆனால் 'நீ எந்த நிலம்?' என்ற கேள்வியைக் கையில் கட்டையோடு கேட்கவும் முடியும். கிரும்பீகலையே எதிரி நாட்டான் என்று அடைத்து வைத்தவர்கள் கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான். இதனால் என் குறையை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் முன்பைப்போல அவ்வளவு உறுதியாகவும் அதைச் சொல்ல முடியவில்லை.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்தது. தோட்டம் பற்றித் தமிழில் உருப்படியாக யோசித்த பக்கங்கள் அதில் இருக்கின்றன என்று இந்தக் கட்டுரைக்காக மறுபடி படித்தபோது தோன்றியது. புளியமரம் மட்டும் இல்லை, அதில் ஒரு காற்றாடி மரத்தோப்பு அழிந்து அந்த இடத்தில் பூங்கா வருகிறது. யாரும் திட்டமிடாமல் ஊருக்கே சொந்தமாக இருந்த தோப்பு போய், திட்டமிட்டு வேலியடைத்த அழகு வருகிறது. கிரும்பீகலின் லால்பாக்கும் பிருந்தாவனமும் இரண்டாவது வகை. ஆனால் அவருடைய தெருமரம் விசித்திரமாக நடுவில் நிற்கிறது. திட்டமிட்டதுதான், ஆனால் வேலி இல்லை, டிக்கெட் இல்லை. டீக்கடைக்காரர் அதில் படுதா கட்டுகிறார், ஸ்விக்கி பையன் அடியில் தூங்குகிறான். காலப்போக்கில் அது கிட்டத்தட்டப் புளியமரம் ஆகிவிட்டது. தோட்டக்காரர் ஒருவர் தன் வேலையில் இதைவிடத் தூரம் போக முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கம் நிஜப் புளியமரங்கள் இருந்தன. திண்டுக்கல்–கரூர் ரோட்டில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெயிலே படாத இடங்கள் உண்டு. வருஷா வருஷம் காய் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர்கள் தொரட்டியோடும் படுதாவோடும் வந்து உலுக்குவார்கள். அந்த மரங்களை நட்டவரும் யாரோ ஒரு வடிவமைப்பாளர்தானே? இத்தனை அடிக்கு ஒரு மரம், இரண்டு பக்கமும், நிழலும் இருக்கட்டும் வருமானமும் வரட்டும் என்று யோசித்தவர். அவர் பெயரில் ரோடு கிடையாது. நாலு வழிச்சாலை வந்தபோது அவருடைய மொத்தப் படைப்பும் சில மாதத்தில் லாரி ஏறிவிட்டது.

இப்போது அதே சாலையில் நடு மேட்டில் அரளி நட்டிருக்கிறார்கள். ரோஸ், வெள்ளை, செவ்வரளி. வருஷம் முழுக்கப் பூக்கிறது, வறட்சி தாங்குகிறது, ஆடு வாய் வைப்பதில்லை. வேடசந்தூரில் கிரும்பீகலின் வாரிசு என்று யாரையாவது சொல்லவேண்டும் என்றால் இந்த அரளிதான். ஆனால் அவரிடம் இருந்த முக்கியமான ஒன்று இதில் இல்லை, பொழுது. தையிலும் பூ, ஆனியிலும் அதே பூ. எந்த மாதத்தையும் அது அறிவிப்பதில்லை. நிலத்தைத்தான் அவர் கழித்தார், இவர்கள் பொழுதையும் கழித்துவிட்டார்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களுக்கு இதுவே போதும் என்று நினைத்திருக்கலாம்.

கிரும்பீகலை இந்த மண்ணில் கொண்டுவந்து விட்டால் என்ன செய்திருப்பார் என்று பஸ்ஸில் போகும்போது யோசிப்பேன். முதலில் ஒரு வருஷம் சும்மா பார்த்திருப்பார். தையில் ஆவாரை. பொங்கலுக்கு முதல் நாள் பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டுவோமே, அது. மாசியில் கல்யாண முருங்கை, சிவப்பு, இலையில்லாமல், டபேபுயா ரசிகர்கள் பார்க்கவேண்டிய மரம். பங்குனியில் புங்கம் உதிர்ந்து தரையெல்லாம் பொரி கொட்டினதுபோல. சித்திரையில் வேம்பு, வருஷப்பிறப்பு ரசத்துக்கு. அதே வெயிலில் சரக்கொன்றை. அதன் பிறகு வாகை ராத்திரியில் மணக்கும். அட்டவணை ஏற்கனவே இருக்கிறது, பாதி சமையல்கட்டு வழியாக, பாதி சாமி வழியாக. எந்தத் தெருவில் எதை நடுவது, எத்தனை அடிக்கு ஒன்று என்று வரைந்துகொடுக்கத்தான் ஆள் இல்லை.

போன தையில் ஊருக்குப் போயிருந்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணி, டேங்கர் லாரி ஒன்று மெதுவாக ஊர்ந்தபடி அரளிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே போனது. சர்வீஸ் ரோட்டின் மறுபக்கம், மில்லுக்குச் சொந்தமான காலி இடத்தில், யாரும் தண்ணீர் ஊற்றாத ஆவாரை இடுப்பு உயரத்துக்கு மஞ்சளாக நின்றது. அம்மா என்னை வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய் முந்தானையில் ஒரு சேர் பூப் பறித்துக்கொண்டு வந்தார். காயவைத்துப் பெங்களூருக்குக் கொடுத்துவிட, கஷாயத்துக்கு.